அப்பளத்துக்கு 40,000 ரூபாய் வெப்சைட்டா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டு விற்கிறோம். சென்னை, பெங்களூரில் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் "வெப்சைட் இருக்கா?" என்று கேட்கிறார்கள். செய்து தர 40,000 ரூபாய், அப்புறம் வருஷத்துக்கு 12,000 என்கிறார் ஒருவர். குறைந்த செலவில் முடியாதா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: தாராளமாக முடியும் அண்ணாச்சி. முதலில் டொமைனை, அதாவது டாட் இன் என்று முடிகிற முகவரியை, உங்கள் பேரில், உங்கள் ஜிமெயிலும் போன் நம்பரும் கொடுத்து நீங்களே வாங்கிவிடுங்கள். வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். முதல் வருஷத்துக்கு 99, 199 என்று ஆசை காட்டுவார்கள், அடுத்த வருஷம் புதுப்பிக்க எவ்வளவு என்று பாருங்கள். "நான் பார்த்துக்கிறேன்" என்று வெப்சைட் செய்கிறவர் தன் கணக்கில் வாங்கிவிட்டு, பிறகு போனே எடுக்கவில்லை என்றால், பாக்கெட்டில் அச்சடித்த முகவரி உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

12,000 எதற்கு என்று விவரம் கேளுங்கள். எஸ்.எஸ்.எல் சான்றிதழுக்கு, அதாவது வெப்சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் போகிற தகவலைப் பூட்டி அனுப்ப உதவுகிற சான்றிதழுக்கு, தனிக் காசு என்றால் கொடுக்காதீர்கள், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது.

உங்களுக்கு ஒரே ஒரு பக்கம் போதும். அப்பள வகை, எடை, விலை, கூரியர் செலவு, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், வெளிச்சத்தில் எடுத்த நாலு படம், வாட்ஸ்அப் பொத்தான். வழியில் நொறுங்கினால் பணம் திரும்பவா, புதுக் கட்டா என்றும் ஒரு வரி போட்டுவிடுங்கள், போனில் பாதிக் கேள்வி அதுதான் வரும். கூகுள் சைட்ஸில் இதையெல்லாம் காசில்லாமல் செய்யலாம், சொந்த டொமைனையும் இணைக்கலாம். வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. தலைப்பில் 'கல்லிடைக்குறிச்சி அப்பளம்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், ஏனென்றால் தேடுகிறவருக்கு உங்கள் கடைப் பேர் தெரியாது, ஊர்ப் பேர்தான் தெரியும்.

கூடையில் போட்டு கார்டில் பணம் கட்டுகிற வசதி இப்போது வேண்டாம். அந்தப் பணத்தை வாங்கி உங்களுக்கு அனுப்புகிற பேமென்ட் கேட்வே ஒவ்வொரு ஆர்டரிலும் சுமார் 2 சதவீதமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கும். வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போட்டு ஆர்டர் எடுங்கள், பணம் யூ.பி.ஐ.யில் வரட்டும். அதில் சமாளிக்க முடியாத அளவுக்கு ஆர்டர் குவிந்தால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலும் இலவசம், மேப்பில் கடை தெரியும். முன்பு அதிலேயே சின்ன வெப்சைட் ஒன்று கொடுத்தார்கள், 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு அதைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

செய்ய ஆளே இல்லையென்றால் 40,000 கேட்டவரிடமே அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் விலை கேளுங்கள். பாதிப் பணம் முன்னால், மீதி உங்கள் போனில் பக்கம் சரியாகத் திறந்து, பாஸ்வேர்டும் கைக்கு வந்த பிறகு.