கெட்டுவள்ளத்தில் பந்தி: வாசகர் கேள்வி–பதில்

குழுவாகச் சேர்ந்து ஒரு கெட்டுவள்ளத்தை, அதாவது ஹவுஸ்போட்டை, தனியாக வாடகைக்குப் பிடித்து, காயலில் மிதந்தபடி சாப்பிட்டுத் திரும்புவது பற்றி நிறையக் கேள்விகள் வந்துள்ளன. அவற்றில் ஆலப்புழை சம்பந்தப்பட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

எங்கள் அலுவலகத்தில் 24 பேர். ஒரே நாளில் போய்வர, மதியச் சாப்பாட்டுடன் தனிப் படகு வேண்டும். ஐந்து பெட்ரூம் படகு போதும் என்கிறார் ஏஜென்ட். சரிதானா?
– வாசகர், மதுரை

பெட்ரூம் கணக்கு இரவு தங்குபவர்களுக்கு உரியது. காலை 11 மணிக்கு ஏறி மாலை 5 மணிக்கு இறங்குகிறவர்களுக்கு அந்த அறைகள் பை வைக்கவும் கழிவறைக்குப் போகவும்தான் பயன்படும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. படகின் சர்வே சான்றிதழில் எத்தனை பயணிகளுக்கு அனுமதி இருக்கிறது? சாப்பாட்டு மேஜையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் உட்காரலாம்?

இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. அறைகள் நிறைய உள்ள படகில் இடத்தையெல்லாம் அறைகளே பிடித்துக்கொள்ளும். முன்பக்கம் பத்துப் பன்னிரண்டு பேருக்கான மேஜைதான் மிஞ்சும். 24 பேர் என்றால் இரண்டு பந்தி. முதல் பந்தி எழுவதற்குள் இரண்டாம் பந்திக்கான மீன் வறுவல் ஆறிவிடும். உங்களுக்குப் பொருந்துவது அறைகள் குறைவாகவும் கூடம் பெரிதாகவும் இருக்கும் படகு. ‘கான்ஃபரன்ஸ் போட்’ என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் மூன்று பெட்ரூம் படகு இரண்டாக எடுத்து, படகுக்குப் பன்னிரண்டு பேராகப் பிரிந்துகொள்ளுங்கள். செலவு கூடும், ஏனென்றால் டீசலும் ஆட்களும் இரட்டிப்பு. ஆனால் மதியம் கரையோரம் நிறுத்தும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டச் சொல்லிவிட்டால் சேர்ந்தே சாப்பிடலாம். ஓடும்போது ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ யாரையும் விடாதீர்கள்.

அனுமதி எண்ணிக்கையில் குழந்தைகளும் சேர்த்தி. ‘ரெண்டு மூணு பேர் கூடினா பரவாயில்லை’ என்று சொல்லும் படகை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர். தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். எடை மேலே ஏற ஏறப் படகின் நிலைப்பு குறைகிறது. அந்த நிலையில் எல்லாரும் ஒரே பக்கம் நகர்ந்தால் படகு சாய்ந்து திரும்ப நிமிராமல் போகலாம். ஆகவே மேல்தளம் உள்ள படகில், அங்கே ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று ஸ்ராங்கிடம், அதாவது படகு ஓட்டும் பொறுப்பாளரிடம், ஏறும்போதே கேட்டுவிடுங்கள். குரூப் போட்டோவைக் கரையில் எடுத்துக்கொள்வது நல்லது. லைஃப் ஜாக்கெட் பூட்டிய அலமாரியில் இருந்தால் வெளியே எடுத்து வைக்கச் சொல்லி, தலைக்கு ஒன்று இருக்கிறதா, குழந்தைகள் அளவு இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

மாலையில் ஏறி, காயலில் போய்க்கொண்டே இரவுச் சாப்பாடு சாப்பிட முடியுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

ஆலப்புழை ஹவுஸ்போட்டில் முடியாது. மாலை ஐந்தரை வாக்கில் எல்லாப் படகுகளையும் கரையில் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு காயல் மீனவர்களுடையது, வலை விரிக்கும் நேரம். இரவு தங்கும் பேக்கேஜிலும் கட்டிப்போட்ட படகில்தான் சாப்பாடு. ‘நைட் க்ரூஸ்’ என்று யாராவது விற்றால் விலகிவிடுங்கள்.

சூரியன் மறைவதைத் தண்ணீரிலிருந்து பார்க்க ஆசை என்றால் கொச்சிக்குப் போகலாம். கேரள அரசு நிறுவனமான கேரள ஷிப்பிங் அண்ட் இன்லண்ட் நேவிகேஷன் கார்ப்பரேஷன் அங்கே சாகரராணி, நெஃபர்டிட்டி ஆகிய கலங்களை இயக்குகிறது. நெஃபர்டிட்டி 200 பேர் ஏறும் கப்பல். இருபது பேர் குழுவுக்கு அதைத் தனியாக எடுப்பது வீண் செலவு. பொதுப் பயணத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டால் போதும்.

குழுவில் பாதிப் பேர் சைவம், பாதிப் பேர் கரிமீனுக்காகவே வருகிறார்கள். படகுச் சமையலில் இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, ஸ்ரீரங்கம்

முதலில் அந்தச் சமையலறையை மனத்தில் கொண்டுவாருங்கள். படகின் பின்பக்கம் ஒரு சிறிய அறை, இரண்டு மூன்று பர்னர், ஒரு சமையல்காரர், கூட ஒரு கையாள். கல்யாண மண்டபத்து மெனுவை அங்கே எதிர்பார்க்க முடியாது. வழக்கமாகக் கிடைப்பது சோறு, சாம்பார், அவியல், தோரன், மெழுக்குப்புரட்டி, அப்பளம், ஊறுகாய். அசைவத்துக்கு மீனும் கோழியும். மாலையில் தேநீரும் பழம்பொரியும். எல்லாம் தேங்காய் எண்ணெயில்தான். அது ஒத்துக்கொள்ளாதவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வேறு எண்ணெய் வாங்கச் சொல்லுங்கள். சோறு மட்டை அரிசியாக இருக்கலாம். நம் ஊர் வயதானவர்களுக்கு அந்தக் கொட்டை அரிசி கடினமாகத் தோன்றும், அதனால் ‘வெள்ளை அரிசியும் வேண்டும்’ என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

சைவத்துக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி என்று கேட்டால் மட்டும் போதாது. சைவத்தை முதலில் சமைத்து மூடி வைத்துவிட்டு, பிறகு மீனைத் தொடச் சொல்லுங்கள். தோசைக்கல் ஒன்றுதான் இருக்கும், அதில் மீன்தான் வறுபடும். எனவே சைவர்களுக்குக் கல்லில் செய்யும் எதையும் கேட்காமல் இருப்பதே உத்தமம். இதையெல்லாம் ஏறிய பிறகு சொல்லிப் பயனில்லை. மளிகையும் காய்கறியும் படகு கிளம்பும் முன்பே ஏறிவிடும். இரண்டு நாள் முன்னதாக எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

கரிமீன் பொள்ளிச்சது கேட்பவர்கள் நேரத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். மசாலா தடவி முதலில் லேசாக வறுத்து, பிறகு வெங்காயத் தக்காளி மசாலாவுடன் வாழையிலையில் பொதிந்து மறுபடி கல்லில் போட வேண்டும். ஒரு கல்லில் நாலைந்து பொதிதான் கொள்ளும். பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொன்று என்றால் மூன்று ஈடு, முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டு பேருக்கு ஒன்று என வைத்துக்கொண்டு, மீதிக்குக் குடம்புளி போட்ட மீன் கறி கேளுங்கள். சோற்றுக்கும் அதுதான் பொருத்தம். கரிமீனில் முள் அதிகம், குழந்தைகளுக்குக் கோழியே போதும்.

வழியில் மீன்கடையில் நிறுத்தி, ‘இறால் வாங்கித் தந்தால் சமைத்துத் தருகிறோம்’ என்பார்கள். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் கிலோ விலையையும் சமையல் கூலியையும் கேட்டு முடித்த பிறகே தராசில் போடச் சொல்லுங்கள்.

குடிதண்ணீரை மறக்காதீர்கள். வெயில் நாளில் ஆறு மணி நேரத்துக்கு ஆளுக்கு 2 லிட்டர் வைத்துக்கொண்டால், 24 பேருக்கு 20 லிட்டர் கேன் மூன்று ஏற்ற வேண்டும். படகுக்காரர் தன் கணக்கில் ஒன்றுதான் வைத்திருப்பார்.

எந்த மாதம் போகலாம்? ஜூனில் பள்ளி திறக்கும் முன் போய்வர நினைக்கிறோம்.
– வாசகர், விருதுநகர்

ஜூன் வேண்டாம். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலம். வேம்பநாட்டுக் காயலின் அகன்ற பரப்பில் காற்று பிடித்தால் ஸ்ராங்க் கரையோரமாகவே ஓட்டுவார். வெள்ளம் ஏறினால் தாழ்வான பாலங்களுக்கு அடியில் கூரை இடிக்கும் என்பதால் வழி மாறும். நிலைமை மோசமானால் மாவட்ட நிர்வாகமே படகுகளை நிறுத்திவிடும். ஆலப்புழை–சங்ஙனாச்சேரி சாலையும் தண்ணீரில் மூழ்கியதுண்டு.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். அதிலும் டிசம்பர் கடைசி வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். புன்னமடைத் துறையில் ஏறவும் இறங்கவுமே நேரம் போய்விடும். கோடையில் வேறொரு தொல்லை. உப்புநீர் குட்டநாட்டு வயலுக்குள் ஏறாமலிருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையை அடைத்து வைப்பார்கள். உப்புப் பட்டால் ஆகாயத்தாமரை அழுகிவிடும். தண்ணீர் தேங்கி உப்பில்லாமல் கிடந்தால் அது கொழுத்து வளர்ந்து கால்வாய்களை அடைக்கும், புரொபெல்லரில் சுற்றிக்கொள்ளும். குறுகிய கால்வாய்க்குள் போக விரும்பினால் கிளம்பும் நாளன்று காலையில் நிலவரம் கேளுங்கள். ஹவுஸ்போட் எப்படியும் அங்கே நுழையாது, ஷிகாரா என்ற சிறு படகுதான் போகும்.

நேரு டிராபி படகுப் போட்டி நடக்கும் நாளில் புன்னமடையில் ஹவுஸ்போட் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கும். தேதியைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

முன்பணம் கட்டும் முன் எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?
– வாசகர், சிவகாசி

படகின் பெயரும் பதிவு எண்ணும் முதலில். ஒரு படகின் படத்தைக் காட்டி வேறொன்றில் ஏற்றுவதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் கோளாறு. எண் கையில் இருந்தால் துறையில் நின்று மறுக்கலாம். அடுத்தது ஏ.சி. நேரம். ‘ஏ.சி. படகு’ என்பார்கள். பல படகுகளில் அது இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை, அறைகளுக்கு மட்டும். பகல் பயணத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சாப்பிடும் கூடத்தில் பகலில் ஏ.சி. ஓடுமா, ஜெனரேட்டர் டீசல் வாடகையில் அடக்கமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பிறகு ஓடும் நேரம். 11 முதல் 5 வரை என்றால் மதியம் ஒரு மணி நேரம் கரையில் நிற்பதும் அதற்குள் அடங்கும். மெனு, தலைக்கு எத்தனை மீன், வரி, ஷிகாரா கட்டணம் எல்லாம் அதே தாளில் வரட்டும்.

சென்னையிலிருந்து ஆலப்புழை எக்ஸ்பிரஸில் வருபவர்கள் அதே நாளில் படகு வைக்க வேண்டாம். ரயில் முற்பகலில்தான் சேரும். தாமதமானால் படகு கிளம்பும் நேரம் தள்ளும், ஆனால் கரையேறும் நேரம் தள்ளாது.

மூட்டு வலி உள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா?
– வாசகி, தூத்துக்குடி

தாராளமாக. பலகையில் நடந்து ஏற வேண்டியிருக்கும், அதனால் கைப்பிடியுள்ள துறையில் ஏற்றச் சொல்லுங்கள். கீழ்த்தளத்தில் மேற்கத்திய கழிவறை இருக்கும் படகாகப் பாருங்கள்.

நாங்கள் ஆறு பேர்தான். தனிப் படகு கட்டுப்படியாகவில்லை. வேறு வழி?
– வாசகர், தென்காசி

கேரள அரசின் நீர்வழிப் போக்குவரத்துத் துறை ஆலப்புழையிலிருந்து வேகா என்ற சுற்றுலாப் படகை இயக்குகிறது. பாதிராமணல் தீவு வரை போய்வரும், குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களின் மதியச் சாப்பாடு படகிலேயே கிடைக்கும். 120 இருக்கைகளில் ஏ.சி. பகுதி சிறியது, அது சீக்கிரம் நிரம்பிவிடும். ஏ.சி. இல்லாத பகுதியில் காற்று நன்றாக வரும். ஜன்னலோரமாக ஆறு இருக்கை சேர்ந்து வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமையை விட்டு வார நாளில் பதிவு செய்யுங்கள்.