மன்னவனூர் பட்டாணிக்கு ஏன் விலை இல்லை?

காய்ந்த பட்டாணி விலை சரிந்ததற்கு வெளிநாட்டுச் சரக்குதான் காரணம் என்று வியாபாரி சொல்வதை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம்பலாம். 2023 டிசம்பரில் மத்திய அரசு மஞ்சள் பட்டாணிக்கு இறக்குமதி வரியை நீக்கியது; 2025 அக்டோபர் வரை அந்த விலக்கு இருந்தது. கனடா, ரஷ்யச் சரக்கு துறைமுகங்களில் குவிந்தது. கடலைப்பருப்புக்கு மாற்றாக அதை மாவாக அரைப்பதால் கொண்டைக்கடலை விலையும் கூடவே இறங்கும். அதனால் மன்னவனூர் இருக்கும் கொடைக்கானல் மேல்மலையில் விளைச்சல் குறைந்தாலும் காய்ந்த பட்டாணி விலை ஏறவில்லை.

ஆனால் எவ்வளவு இறங்கியது என்பதை வியாபாரி வாயால் மட்டும் கேட்காதீர்கள். சந்தை விலையில் லாரி வாடகை, சாக்கு, கமிஷன் கழித்துப் பாருங்கள். அதற்கும் கீழே கேட்டால் கொடுக்க வேண்டாம். அப்புறம், பச்சைப் பட்டாணிக் காய் கணக்கு வேறு. அதற்கு ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையையும் கேரள வியாபாரிகள் வாங்குவதையும் பாருங்கள். வடநாட்டுக் காய் குளிர்காலத்தில் வந்து குவியும், அதற்கு முன்பே பறித்து இறக்கிவிடுங்கள்.