சங்கிலியைக் கழற்றச் சொன்னது யார்?

கேள்வி: நான் மதுரைப் பெண். கணவர் யூதர். அமெரிக்காவில், மினியாபொலிஸில் வசிக்கிறோம். வெள்ளம் புகுந்த வீடுகளைச் சுத்தம் செய்து கொடுக்கும் ‘நெகாமா’ என்ற யூத நிவாரண அமைப்புக்கு எங்கள் 17 வயது மகளை நான்தான் அனுப்பினேன். யூதர்கள் செய்யும் உதவியை நாலு பேர் பார்த்தால் யூத வெறுப்பு குறையும் என்று சொல்லிச் சொல்லி அனுப்பினேன். இப்போது “இனிமேல் போகமாட்டேன், எதற்குப் போகணும்?” என்கிறாள். நடுவில் ஸ்கூலில் அவள் லாக்கரில் யாரோ நாஜிச் சின்னம் கிறுக்கிவிட்டார்கள். எதற்கு வம்பென்று, பாட்டி கொடுத்த, யூதர்களின் அடையாளமான நட்சத்திரம் கோத்த சங்கிலியைக் கழற்றி வைக்கச் சொன்னேன். அவளுக்குச் சேவை மனப்பான்மையை எப்படிப் புரியவைப்பது?

பதில்: சேவை மனப்பான்மையை அப்புறம் பார்க்கலாம். போகிற போக்கில் ஒரு சங்கிலியைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வாருங்கள்.

லாக்கரில் கிறுக்கியவன் எவனோ. பிரின்ஸிபாலைப் போய்ப் பார்த்தீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. கிறுக்கியவனைத் தேடாமல் பெற்ற மகளின் கழுத்தில் கை வைத்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை யூதப் பெண்ணாகச் சேற்றில் இறங்க வேண்டும், திங்கட்கிழமை யாரென்றே தெரியாமல் ஸ்கூலில் நடமாட வேண்டும். ‘அம்மா என்னை நன்னடத்தைச் சான்றிதழ் வாங்க அனுப்புகிறாள்’ என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, தாயே.

நல்லது செய்தால் வெறுப்பு அடங்கிவிடும் என்று யார் சொன்னது? 2018 அக்டோபர் 27, சனிக்கிழமை காலை, பிட்ஸ்பர்க்கில் ‘ட்ரீ ஆஃப் லைஃப்’ என்ற யூத ஜெப ஆலயத்துக்குள் புகுந்து 11 பேரைச் சுட்டுக் கொன்றானே, அவன் உள்ளே போவதற்குச் சற்று முன் இணையத்தில் திட்டியது ‘ஹையாஸ்’ என்ற யூத அமைப்பை. அது செய்த குற்றம், அகதிகளுக்கு உதவியது. அந்த உதவிதான் அவன் கண்ணை உறுத்தியது. குண்டுக் காயத்தோடு பிடிபட்டவனைக் கவனித்த நர்ஸும் யூதர்தான். தான் யூதர் என்று அவனிடம் அவர் சொல்லிக்கொள்ளவில்லை. எந்தச் சான்றிதழுக்காக அவர் அதைச் செய்தார்?

அதற்காக நெகாமா வீண் என்கிறேனா? இல்லவே இல்லை. 1993-ல் நடுமேற்கு மாநிலங்களை வெள்ளம் சூழ்ந்தபோது உங்கள் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தது அது. பிற மதத்தவரும் அதில் தொண்டர்கள். நெகாமா என்றால் எபிரேய மொழியில் ஆறுதல் என்று பொருள். விளம்பரம் என்று பொருள் இல்லை. அந்த வேலை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீரில் ஊறிய சுவர்ப் பலகையைப் பெயர்த்து, குளிர் தாங்க உள்ளே அடைத்திருக்கும் பஞ்சை வாரிக் கொட்டி, பூஞ்சை பிடிப்பதற்குள் மரச் சட்டங்களைக் காயவைக்க வேண்டும். வீட்டுக்கார அம்மாள் நனைந்த கல்யாண ஆல்பத்தை வாசலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டிருப்பார். வந்திருப்பவர் என்ன மதம் என்று கேட்க அவருக்கு ஏது நேரம்? மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது பேச்சுவாக்கில் தெரியவரும். அதுவரை ஒரு யூதரோடு பேசியே இராதவர் மனசில் ஏதாவது மாறினால், அங்கேதான் மாறும். மாறாவிட்டாலும் சுவர் காய்ந்திருக்கும்.

முதல் வேலையாகக் கணவரோடு போய் பிரின்ஸிபாலைப் பாருங்கள். எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சாயங்காலமே மாமியாரிடம் போய், அவர் ஆசையாகக் கொடுத்ததைக் கழற்றச் சொன்னது நீங்கள்தான் என்று சொல்லிவிடுங்கள். பேத்தி சொல்லி அவருக்குத் தெரிய வேண்டாம். சங்கிலியை மகள் கையில் கொடுங்கள். போடுவதும் போடாததும் அவள் பாடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெகாமாவுக்கு நீங்கள் போங்கள். கடிதம் முழுக்க ‘அனுப்பினேன், அனுப்பினேன்’ என்றுதான் இருக்கிறது. நீங்கள் ஒரு தடவையாவது போனதாகத் தெரியவில்லை. கூட வருகிறாயா என்று மகளைக் கேட்காதீர்கள். பழைய ஷூவாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.