மோசமான விமர்சனத்துக்கு வக்கீல் நோட்டீஸ் விடலாமா?

கேள்வி: கோத்தகிரி அருகே தனியார் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பித் தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாழ்க்கையை வைத்து ஒரு நாவல் எழுதினேன். 'இது நாவலே இல்லை, இந்தம்மாவுக்கு எழுத வராது' என்று ஒருவர் ஃபேஸ்புக்கில் எழுதினார். அமேசானில் வரிசையாக ஒற்றை நட்சத்திரம். அப்புறம், 'செத்துப்போன எங்கள் அப்பாவைத்தான் வில்லனாக்கியிருக்கிறாள்' என்று ஒரு குடும்பம் கிளம்பியது. என் செல் நம்பரை வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். ராத்திரியெல்லாம் கெட்ட வார்த்தையில் வாய்ஸ் மெசேஜ். 'பஸ் ஸ்டாண்டில் தனியாகத்தானே நிற்கிறாய், காலை உடைக்கிறோம்' என்று ஒன்று. என் போட்டோவுடன் போலிக் கணக்கு வேறு. இப்போது ஊர்ப் பெரியவர்கள், 'உட்கார்ந்து பேசி முடிப்போம், மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிடு' என்கிறார்கள். எல்லோர் மேலும் மானநஷ்ட வழக்குப் போடலாமா?

பதில்: எல்லோர் மேலும் வேண்டாம். 'எழுத வராது' என்றவரையும் 'காலை உடைப்பேன்' என்றவரையும் ஒரே மனுவில் சேர்த்தால், இரண்டாமவர் முதலாமவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். 'விமர்சனம் செய்தேன், பொறுக்க முடியாமல் புகார் கொடுத்துவிட்டார்கள்' என்பார்.

விமர்சகரை முதலில் பார்ப்போம். அவதூறு பற்றிய பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று இருந்தது; 2024 ஜூலை 1 முதல் எண் மாறிவிட்டது. புத்தகம் வெளியிடுகிறவர் அதைப் பொதுமக்களின் தீர்ப்புக்கு விடுகிறார் என்று சட்டமே சொல்கிறது. அதோடு ஓர் உதாரணமும் தருகிறது. 'இன்னாருடைய புத்தகம் முட்டாள்தனமானது, ஆகவே அவர் பலவீனமான ஆளாகத்தான் இருக்க வேண்டும்' என்று நல்லெண்ணத்தோடு சொன்னால் குற்றமில்லை. அங்கே விமர்சகர் புத்தகத்தில் தெரிகிற அளவுக்கு மட்டுமே ஆளைப் பற்றிப் பேசுகிறார். 'புத்தகம் ஆபாசமாக இருப்பதில் ஆச்சரியமில்லை, ஆளே ஒழுக்கங்கெட்டவர்தானே' என்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே அவர் புத்தகத்தை விட்டு உங்கள் வாழ்க்கைக்குள் வந்துவிட்டார்.

(இப்படி உதாரணத்தோடு சட்டம் எழுதுவது, பழைய தண்டனைச் சட்டத்தை வரைந்த ஆங்கிலேயர் மெக்காலேயின் பாணி. அவர் 1834-இல் நம் ஊட்டியில் தங்கியிருந்தவர். தண்டனைச் சட்டத்தை இங்கேதான் எழுதினார் என்று சுற்றுலா வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. அவர் தலைமையிலான சட்ட ஆணையம் அதை எழுதத் தொடங்கியதே 1835-இல்தான். பெருமையை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.)

ஆக, 'எழுத வராது' என்பது எந்த வழியிலும் வழக்காகாது. ஒற்றை நட்சத்திரமும் அப்படியே. புத்தகத்தைத் தொடாமல் உங்களை மட்டும் திட்டுகிற பதிவு இருந்தால், அமேசானிலேயே புகார் செய்கிற வசதி இருக்கிறது, அதோடு விடுங்கள். விமர்சகருக்கு நோட்டீஸ் அனுப்பினால் அதையும் போட்டோ எடுத்துப் போடுவார். அதுவரை கேள்விப்படாதவர்களும் அவர் விமர்சனத்தைத் தேடிப் படிப்பார்கள். பதில் எழுதுவதும் வேண்டாம்.

மிரட்டல் வேறு விஷயம். இது அதே சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு. கொடுங்காயம் உண்டாக்குவேன் என்றோ, ஒரு பெண்ணின் கற்பைப் பழித்துப் பரப்புவேன் என்றோ மிரட்டினால் ஏழாண்டு வரை சிறை. பெயரை மறைத்து மிரட்டினால் அதற்குமேல் இரண்டாண்டு வரை. ஆபாசமாகப் பேசிப் பெண்ணை இழிவுபடுத்துவதற்கு 79-ஆம் பிரிவு. போலிக் கணக்குக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள். மனு எழுதித் தருகிறவர் பழக்கதோஷத்தில் 66ஏ என்று போட்டால் அடித்துவிடச் சொல்லுங்கள். உச்ச நீதிமன்றம் அதை 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது.

ஆத்திரத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். நம்பரை பிளாக் செய்வதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நம்பர், தேதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும். பெயர் போட்டு நம்பரை சேமித்திருந்தால், எண் தெரிகிற பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். வாய்ஸ் மெசேஜ் அந்த போனிலேயே இருக்கட்டும். போலிக் கணக்கை நடத்துகிறவன் அதன் பெயரை நொடியில் மாற்றிவிடுவான், ஆகவே கணக்கின் லிங்கைக் காப்பி செய்து வையுங்கள். குரூப்பில் நம்பரைப் போட்டவர் யார் என்பதற்கு அங்கே இருக்கிற யாராவது சாட்சி சொல்வார்களா என்று கேளுங்கள். வழக்கு முடிகிறவரை போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். நீதிமன்றத்தில் இவற்றைக் காட்ட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டியது. அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

புகாரைக் கோத்தகிரி ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம். ஊட்டியிலிருக்கும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்று திருப்பி அனுப்பினால், எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பெற வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்வதை நினைவுபடுத்துங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றம். 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண் பண மோசடிக்கானது. உங்கள் விஷயத்துக்கு தேசிய சைபர் கிரைம் இணையதளம்தான் சரி.

அடுத்தது பெரியவர்கள். நல்ல எண்ணத்தில்கூட அழைத்திருக்கலாம். போகலாம், டீ குடிக்கலாம், கையெழுத்து மட்டும் போடாதீர்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய சமாதானக் கூட்டத்தில் எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் இப்படித்தான் எழுதி வாங்கினார்கள். அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆட்சியர் அலுவலகத்தில் எழுதியதற்கே அந்தக் கதி என்றால், ஊர்க் கூட்டத்துக் கடிதமும் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 'தப்பு செய்தேன்' என்று நீங்களே எழுதிய காகிதம் நாளைக்கு அந்தக் குடும்பத்தின் வழக்கில் வந்து நிற்கும்.

அந்தக் குடும்பம் வழக்குப் போட முடியுமா? முடியும். இறந்தவரைப் பற்றிய அவதூறும், உயிரோடிருந்தால் அவர் பெயரைக் கெடுக்கும் என்றும், குடும்பத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தது என்றும் காட்டினால், குற்றமே. நாவலில் பெயர், தோட்டம், வேலை என எது எது நிஜத்தோடு ஒட்டுகிறது என்று தனியாகக் குறித்து வழக்கறிஞரிடம் மட்டும் கொடுங்கள். வெளியில் யாரிடமும், 'ஆமாம், அவரை மனதில் வைத்துத்தான்' என்று சொல்லிவைக்காதீர்கள்.

உங்கள் நடத்தையைப் பற்றிப் பொய் பரப்பியவர் யாராவது இருந்தால், அவர் மேல் மட்டும் அவதூறு வழக்கு யோசிக்கலாம். அதைப் போலீஸ் நேரடியாகப் பதியாது. நீங்களே நடுவர் முன் தனிப்புகார் கொடுக்க வேண்டும். அதற்கு மூன்றாண்டு அவகாசம். நஷ்டஈடு கேட்டு உரிமையியல் வழக்கு என்றால், பதிவு வெளிவந்த நாளிலிருந்து ஓராண்டுதான்.

மிரட்டல் புகாருக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. இந்த வாரமே போங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில், 'அப்படி என்னம்மா எழுதினீங்க?' என்று நிச்சயம் கேட்பார்கள். கதைச்சுருக்கம் சொல்லத் தொடங்காமல், அந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டுங்கள்.