சிறிய தனியார் பல்கலைக்கழகங்களால் அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் பணத்தில் தாக்குப்பிடிக்க முடியுமா?

சிலரால் முடியும். ஆனால் டிக்கெட் விற்ற காசில் யாராலும் முடியாது. (இது நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்.)

உங்கள் பிள்ளைக்கு அங்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கும், நாம் கட்டும் ஃபீஸ் ஆட்டத்துக்குப் போகிறதோ என்ற பயத்தில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என் அப்பாவும் இதையேதான் கேட்டார்.

2009-ல் அமெரிக்காவின் தெற்குப் பக்கம் ஒரு சிறிய தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர்ந்தேன். பெயர் வேண்டாம். மாணவர் விசாவில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். எனக்குக் கிடைத்தது, பழைய மாணவர்களுக்கு போன் செய்து நன்கொடை கேட்கும் வேலை. சாயங்காலம் ஐந்தரைக்கு உட்கார்ந்தால் ஒன்பது மணி வரை பேச வேண்டும். என் உச்சரிப்பைக் கேட்டதுமே பாதிப் பேர் வைத்துவிடுவார்கள்.

எழுதிக் கொடுத்தபடி முதலில் லைப்ரரிக்குக் கேட்க வேண்டும், அப்புறம் ஸ்காலர்ஷிப்புக்கு. ஒரு நாள் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், எண்ணெய்க் கிணறுகளுக்குக் குழாய் விற்றவர், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லைப்ரரி இருக்கட்டும் தம்பி, இந்த வருஷம் குவார்ட்டர்பேக் எப்படி?" என்கிற மாதிரி கேட்டார். பந்தை எறிந்து அணியின் ஆட்டத்தை நடத்துபவர்தான் குவார்ட்டர்பேக். எனக்கு அப்போது அந்தச் சொல்லுக்கே அர்த்தம் தெரியாது. தெரியாது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நாற்பது நிமிஷம் எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் தாண்ட வேண்டும் என்பதில் தொடங்கி, 1960-களில் மாநிலப் பல்கலைக்கழகத்திடம் தன் வகுப்புத் தோழர்கள் தோற்ற ஒரு ஆட்டம் வரை. முடிவில் 5,000 டாலர் எழுதினார். லைப்ரரிக்கு 25 டாலர், மீதி முழுக்க ஃபுட்பாலுக்கு. அந்த வாரம் எங்கள் அறைக்கு வந்ததில் அதுதான் பெரிய தொகை.

அடுத்த சனிக்கிழமை முதல்முறையாக ஸ்டேடியத்துக்குப் போனேன். பாதி இருக்கை காலி. எதிரணி ரசிகர்கள்தான் அதிகம். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மாநிலமே ரசிகர். அங்கே படிக்காத மெக்கானிக்கும் அந்த நிறச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். மிச்சிகனின் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். தனியாருக்கு அங்கே படித்தவர்கள் மட்டும்தான், அவர்களிலும் குழாய் விற்றவரைப் போன்ற கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேர் எவ்வளவு பிடிவாதக்காரர்கள் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

டாலஸில் உள்ள தனியார் பல்கலைக்கழகமான எஸ்.எம்.யு.வைப் பாருங்கள். வீரர்களுக்குக் கள்ளத்தனமாகப் பணம் கொடுத்ததற்காக அவர்களுடைய 1987 சீசனையே, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. 1996-ல் அவர்கள் இருந்த சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸும் கலைந்தது. கான்ஃபரன்ஸ் என்றால், தங்களுக்குள் ஆடி டிவி பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டணி. பெரிய கான்ஃபரன்ஸுக்குத் திரும்ப 2024 ஆனது. அதற்குக் கொடுத்த விலை, சேர்ந்த கான்ஃபரன்ஸான ஏ.சி.சி.யின் டிவி பணத்தில் ஒன்பது வருடம் பங்கு வேண்டாம் என்று ஒத்துக்கொண்டது. இடம் உறுதியானதும் பழைய மாணவர்கள் சிலரே ஒரு வாரத்தில் 10 கோடி டாலர் திரட்டினார்கள். சேர்ந்த முதல் வருடமே தேசிய சாம்பியனைத் தீர்மானிக்க 12 அணிகள் ஆடும் பிளேஆஃபுக்குள் போனார்கள். அங்கே பென் ஸ்டேட்டிடம் 38-10 என்று தோற்றார்கள், அது வேறு விஷயம்.

எல்லோருக்கும் டாலஸ் பணக்காரர்கள் கிடைப்பார்களா? மாட்டார்கள். இன்னொரு வழி, பந்தியில் முன்பே இடம் பிடித்திருப்பது. வாண்டர்பில்ட் என்ற தனியார் பல்கலைக்கழகம், 1932-ல் எஸ்.இ.சி. என்ற பெரிய கான்ஃபரன்ஸ் தொடங்கியபோதே உள்ளே இருந்தது. எத்தனை வருடம் தோற்றாலும் டிவி பணத்தில், அங்கே பலமான அணியான அலபாமாவுக்கு விழும் அளவே அதன் இலையிலும் விழும். வருடத்துக்கு 5 கோடி டாலருக்கு மேல். 2024 அக்டோபரில் அதே அலபாமாவை 40-35 என்று ஜெயித்தார்கள். கோல்போஸ்டைப் பிடுங்கிக்கொண்டு போய் கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள் மாணவர்கள். அன்று நான் வீட்டில் தனியாக நின்று கைதட்டினேன். அது என் பல்கலைக்கழகம்கூட இல்லை.

என்.சி.ஏ.ஏ. மேல் வீரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் வந்த உடன்பாட்டுக்குப் பிறகு, வீரர்களுக்குப் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருட உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். வரம்பு எல்லோருக்கும் ஒன்றுதான். அதைத் தொடுகிற சக்திதான் ஒன்றில்லை.

"கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் என்ன தெரியும்" என்று எழுத வருபவர்களுக்கு: இரண்டு வருடம் போனில் அந்தப் பணத்தைக் கேட்டவன் நான். "அந்தப் பணத்தைப் படிப்புக்குத் தரலாமே" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். படிப்புக்கு முதலில் கேட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். அந்தப் பெரியவர் கொடுத்தது அவர் காசு. லைப்ரரிக்கு வரவேண்டியதை ஃபுட்பால் பிடுங்கிக்கொண்டது என்று நான் நம்பவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் 1939-ல் பெரிய ஃபுட்பாலே வேண்டாம் என்று நிறுத்தியது, அதையும் மதிக்கிறேன்.

என் கோபம் வேறு. 2023-ல் வேலை போனது. விசாப்படி அடுத்த வேலைக்கு 60 நாள்தான் அவகாசம். நான் படித்த இடத்தின் பிளேஸ்மென்ட் ஆபீசுக்கு மூன்று மெயில் போட்டேன், ஒரு வரி பதில் இல்லை. அதே வாரம் நன்கொடை கேட்டு போன் வந்தது. பேசியது யாரோ ஒரு தெலுங்குப் பையன், குரலில் அதே நடுக்கம். அவனிடம் கோபப்பட மனம் வரவில்லை. 20 டாலர் கொடுத்தேன். ஆனால் அந்த ஆபீஸை இன்னும் மன்னிக்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளையின் ஃபீஸ் விவரத்தில் அத்லெடிக் ஃபீ என்று தனி வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் பல்கலைக்கழகம் எந்த கான்ஃபரன்ஸில் இருக்கிறது என்று பாருங்கள். பெயரைச் சொன்னால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.