பக்க விளிம்பில் கறுப்புக் கோடு: திருட்டுப் பதிப்பா?

வணக்கம். தங்கைக்குப் பரிசளிக்க வாங்கிய நாவல் புத்தம் புதிதாக இருக்கிறது, ஆனால் அடிப்பக்க விளிம்பில் மார்க்கர் கோடு, விலையும் பாதிக்குக் கீழே, ஏமாந்துவிட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இல்லை, பயப்படாதீர்கள்.

விற்காத பிரதிகளைக் கடைகள் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்பிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படித் தேங்கியதைப் பதிப்பகம் மொத்தமாக அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும். அதே பிரதி முழு விலைக் கணக்கில் மறுபடி திரும்பி வந்துவிடக் கூடாதே என்றுதான் அந்தக் கோடு. சிலர் புள்ளி வைப்பார்கள். ஆக, அது யாரும் படித்துக் கழித்த புத்தகம் அல்ல.

திருட்டுப் பதிப்பு என்றால் பெரும்பாலும் உள்ளே பிரித்ததுமே தெரியும்: எழுத்து மங்கல், வரிகள் சாய்வு, அட்டைப்படம் ஜெராக்ஸ் எடுத்த மாதிரி.

அதே கடையில் பழைய புத்தகமும் வாங்கப்போவதாகச் சொன்னீர்கள். அங்கேதான் கவனம் வேண்டும். நடுப்பக்கத்தை விரித்து முகர்ந்து பாருங்கள். பழந்தாளின் வாசம் வேறு, பூஞ்சை நெடி வேறு. நெடி அடித்தால் எவ்வளவு ஆசையான புத்தகமானாலும் வைத்துவிடுங்கள். வீட்டில் பக்கத்துப் புத்தகத்துக்கும் பரவும். தாள் கழன்றிருக்கிறதா என்று முதுகையும் பாருங்கள்.

தங்கைக்குத் தாராளமாகக் கொடுங்கள். கோட்டை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், விளிம்பு சொரசொரப்பாகிவிடும்.