அலாரத்தை வெட்டச் சொல்லும் புரோக்கரிடம் பூம் லிஃப்ட் எடுக்காதீர்கள்

கேள்வி: கோவில்பட்டி பக்கம் கரிசல் நிலத்தில் ஷெட் போடுகிறோம். கூரை வேலைக்கு 60 அடி டீசல் பூம் லிஃப்ட் (நீண்ட கை போன்ற பூமின் நுனியில் உள்ள பேஸ்கெட்டில் ஆளை ஏற்றி உயரத் தூக்கும் வண்டி) வாடகைக்கு எடுத்திருக்கிறேன். மழைக்குப் பிறகு பூமைத் தூக்கினாலே அலாரம் அடிக்கிறது. "ஃபோர் வீல் வண்டி, எங்கேயும் நிற்கும். சென்சார்தான் கோளாறு, மெக்கானிக்கை அனுப்பி வெட்டிவிடுகிறேன்" என்கிறார் புரோக்கர். சரிதானா?

பதில்: கூடவே கூடாது. ஃபோர் வீல், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் வசதி, பூமை மடக்கி வைத்துக்கொண்டு மேடு பள்ளத்தில் ஓட்டிப் போவதற்கு. ஆளை மேலே ஏற்றிய பிறகு அது எதற்கும் உதவாது. இந்த அளவு வண்டிகளில் பொதுவாக 5 டிகிரிக்குள் சாய்ந்தாலே அலாரம் வந்துவிடும். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே 2.4 மீட்டர் என்று வையுங்கள். ஒரு பக்கம் 20 செ.மீ. புதைந்தால் 5 டிகிரி ஆகிவிட்டது. கீழே இவ்வளவுதான், ஆனால் 18 மீட்டர் உயரத்தில் பேஸ்கெட் ஒன்றரை மீட்டர் வெளியே தள்ளிப்போய் நிற்கும்.

வண்டி எடை ஏறக்குறைய 10 டன். பூம் ஒரு மூலைப் பக்கம் திரும்பும்போது அதில் பாதியளவு ஒற்றைச் சக்கரத்தின் மேல் வந்துவிடும். கரிசல் மேலே காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே களி. கடப்பாரையை ஊன்றிப் பாருங்கள், தெரிந்துவிடும். அதைவிட மோசம், தூண் வரிசை ஓரம். அஸ்திவாரக் குழியை ரோலர் போடாமல் மண் தள்ளி மூடியிருப்பார்கள். கூரைத் தகடு மாட்ட வண்டி வந்து நிற்க வேண்டிய இடமும் அதேதான்!

சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு விரித்து நிறுத்தலாமே என்பீர்கள். நிறுத்தலாம். ஆனால் நாலு சக்கரத்துக்கும் போட வேண்டும், வளையாத கனம் வேண்டும், அடியில் மண் ஒரே சீராக இருக்க வேண்டும். மூடிய குழி, சம்ப், கேபிள் பள்ளம் ஆகியவற்றின் மேல் போட்டால் தகடு பள்ளத்தை மறைக்குமே தவிர, தாங்காது. அங்கே மண்ணைத் தோண்டி எடுத்து, கிராவல் கொட்டி, அடுக்கடுக்காக ரோலர் ஓட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

புரோக்கர் விஷயத்துக்கு வருகிறேன். சென்சாரை வெட்டித் தருகிறேன் என்பவர் இதற்கு முன் எந்தெந்த ஒயரை வெட்டினார் என்று யாருக்குத் தெரியும்? சமதளத்திலும் அலாரம் அடித்தால் கம்பெனி சர்வீஸ் ஆளை வரவழைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். டயரையும் பாருங்கள். ஃபோம் நிரப்பிய டயரைக் கழற்றிக் காற்று டயர் மாட்டியிருந்தால் அடிப்பகுதியில் எடை குறைந்து நிலைப்பே கெட்டுவிடும். சர்டிஃபிகேட்டை நீட்டுவார்கள். அது வண்டிக்கானது. உங்கள் மண்ணை யாரும் சோதிக்கவில்லை. கலர் ஜெராக்ஸைப் பார்த்துவிட்டு கேட் பாஸ் போடும் வழக்கம் எத்தனை சைட்டில் இருக்கிறது! கடப்பாரையோடு தரையைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. எரிச்சலாக இருக்கிறது.

மேலே ஆள் இருக்கும்போது அலாரம் அடித்தால் பூமைச் சுழற்றவே கூடாது. பேஸ்கெட் பள்ளப் பக்கம் இருந்தால் முதலில் பூமை உள்ளே இழுத்து, பிறகு இறக்க வேண்டும். மேட்டுப் பக்கம் இருந்தால் முதலில் இறக்கி, பிறகு இழுக்க வேண்டும். பேஸ்கெட்டில் நிற்பவர் ஹார்னெஸ்ஸை (உடம்போடு கட்டும் பாதுகாப்புப் பட்டையை) அதற்கென்று உள்ள கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். சக்கரம் ஒரு குழியில் 'டக்'கென்று இறங்கினால் போதும், பூம் ஆளை வெளியே வீசிவிடும்.

கீழே நிற்பவருக்கும் இறக்கத் தெரிந்திருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் இன்ஜினை அணைத்துவிட்டு, கீழ்ப்பெட்டியில் (தரையில் நின்று இயக்கும் கன்ட்ரோல் பெட்டியில்) உள்ள அவசர பம்பை வைத்து காலி பேஸ்கெட்டை ஒருமுறை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கு வரவில்லை என்றால் அன்று யாரையும் மேலே ஏற்றாதீர்கள்.